'லுக் ஆஃப்டர்' கற்றுத்தந்த பாடம்



சென்ற ஆண்டு என் பாட்டி வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்திருந்தார்கள். அம்மா வேலைக்குச் செல்ல வேண்டியிருந்ததால் நான் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் விடுப்புக் கடிதம் கொடுத்தேன். 'பாட்டியைப் பார்த்துக்கொண்டேன்' என்பதற்கு, "ஐ வாஸ் லுக்கிங் ஃபார் மை கிராண்ட்மதர்" என்று எழுதியிருந்தேன். படித்த சிஸ்டர் பதறிப்போய், "பாட்டி கிடைத்துவிட்டார்களா அம்மா?" என்றார்கள். விவரம் தெரிந்ததும் வகுப்பே சிரித்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது.

சிஸ்டர் வகுப்பை அமர்த்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்கள். 'லுக்' என்றால் பார். அதனுடன் சேரும் சிறு சொல்லால் பொருளே மாறிவிடும். இவ்வகைச் சொற்றொடருக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர்.

லுக் ஃபார் – தேடுதல்
லுக் ஆஃப்டர் – பேணுதல், கவனித்துக்கொள்ளுதல்
லுக் இன்டு – ஆராய்தல்
லுக் அப் டு – மதித்துப் போற்றுதல்
லுக் டவுன் ஆன் – இழிவாக எண்ணுதல்

'லுக் ஆஃப்டர்' என்பதைப் பிரிக்கக் கூடாது. "ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்" என்பது சரி. "ஷீ லுக்ஸ் ஹெர் மதர் ஆஃப்டர்" என்பது தவறு. ஆனால் அகராதியில் சொல்லைத் தேடிப் பார்ப்பதைக் குறிக்கும் 'லுக் அப்' பிரியும். "லுக் இட் அப்" என்றே சொல்ல வேண்டும்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய புதுமையன்று. நம் தமிழிலும் 'பார்' என்பதுடன் 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்தால் 'பார்த்துக்கொள்' என்றாகி, பேணும் பொருளைத் தருகிறதே!

'ஆஃப்டர்' என்றால் 'பிறகு' என்று நாம் படித்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'லுக் ஆஃப்டர்' என்பது 'பிறகு பார்' என்றாகும். பேணுதலுக்கு நேர் எதிரான பொருள்!

அன்று மாலை நான் படித்துக்கொண்டிருந்தபோது பாட்டி தண்ணீர் கேட்டார்கள். "பிறகு தருகிறேன்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கரும்பலகை நினைவுக்கு வரவே, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். அந்த மூன்று நாளிலும் எத்தனை முறை 'பிறகு' என்று சொல்லியிருப்பேன் என எண்ணி வெட்கப்பட்டேன்.

பாட்டி இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார்கள். தோழியரே, தேர்வில் 'லுக் ஆஃப்டர்' வந்தால் தவறாமல் எழுதுவோம். வீட்டில் வந்தால், 'பிறகு' என்னாமல் உடனே எழுவோம்!

– பத்தாம் வகுப்பு மாணவி