அரைப் பேர் போதாது

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "மாமா, இறக்குவானையில இருக்கிற பெரியம்மா மகனும் நானும் ஒரே புள்ளி எடுத்தாலும் அவனுக்குத்தான் கெம்பஸ் கிடைக்கலாம்னு சேர் சொல்றார். அவங்க லயமும் எங்க லயமும் ஒன்னுதானே?" என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியோடுதான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள். உயர்தரப் பரீட்சையில் நீ எடுக்கும் புள்ளியை அப்படியே கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பாடத்தில் நீ 65 எடுத்தாய் என்று வை. அந்தப் பாடத்தில் எல்லோரும் எடுத்ததன் சராசரி 45, புள்ளிகளின் பரவல் 10 என்றால், உன் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்திலும் நீ 65 எடுத்து, அங்கே சராசரி 55 ஆகவும் பரவல் அதே 10 ஆகவும் இருந்தால், இசட் புள்ளி 1 தான். கடினமான பாடத்தை எடுத்தவர் நட்டப்படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. மூன்று பாடங்களின் சராசரியை வைத்துத்தான் உன்னை வரிசைப்படுத்துகிறார்கள்.

அதற்குப் பிறகு வருவது பங்கீடு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் ஏறத்தாழ 40 சதவீத இடம் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை வரிசைக்குப் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் உண்டு. கேகாலை இல்லை. இறக்குவானை இரத்தினபுரி மாவட்டம், உன் எட்டியாந்தோட்டை கேகாலை மாவட்டம். உன் சேர் சொன்னதன் பொருள் இதுதான்.

இதைக் கேட்டு மாவட்ட ஒதுக்கீட்டையே வெறுத்துவிடாதே. 1974இல் அது வந்திராவிட்டால், பெரிய நகரப் பாடசாலைகளுக்கு வெளியே படித்த எத்தனையோ பிள்ளைகள் மருத்துவ பீடத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். குறை அளவுகோலில் இருக்கிறது. மாவட்டம் என்பது மிகப் பெரிய அளவுகோல். கேகாலை நகரத்தில் ஆய்வுகூடமும், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும், மாலையில் டியூசனும் கிடைக்கும் பிள்ளையும், தெரணியகலைக்கு மேலே மலைத்தோட்டத்திலிருந்து நாலு மைல் நடந்து இறங்கும் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் கேட்டுப்பார். குறித்த கிலோ கொழுந்து நிறையாத நாளில் கணக்கில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். வெயிலிலும் மழையிலும் முழு நாள் நின்றவளுக்கு அரைப் பேர். மாவட்டக் கணக்கிலும் நமக்கு விழுவது அதுதான். இடங்களைப் பங்கிடும்போது நம் லயத்துத் தலைகளையும் எண்ணித்தான் மாவட்டத்தின் பங்கைத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் அந்தப் பங்கில் வரும் மருத்துவ இடத்தில் உட்கார விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவையில் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. எண்ணும்போது இருக்கிறோம், கொடுக்கும்போது இல்லை. நான் படித்த பாடசாலையிலும் விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. பௌதிகவியல் படிக்க ஆசைப்பட்ட நான் கலைப்பிரிவில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதுக்குப் பிறகும் அது ஆறவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

மாவட்டத்துக்குக் கீழே இறங்கி, பாடசாலையை அளவாகக் கொள்ள வேண்டும். இது புதுமையான யோசனை அல்ல. தமிழ்நாட்டில் 2020இல், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். அதற்கு முந்திய ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரே ஆண்டில் முந்நூறுக்கு மேல் போனார்கள். அவர்களும் நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றே சேர்ந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் செய்தது. எந்த ஊர்ப் பள்ளியானாலும், அதன் முதல் பத்து சதவீதத்தில் வரும் பிள்ளைக்கு அரச பல்கலைக்கழகக் கதவு திறக்கும் என்றது. இருக்கும் வசதிக்குள் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் ஏறியது என்று பார்ப்பதே இரண்டிலும் உள்ள நியாயம்.

நம் நாட்டில் அந்த 5 சதவீதத்தையாவது இப்படி மாற்றலாம். மாவட்டப் பட்டியலுக்குப் பதில் பாடசாலைப் பட்டியல் வேண்டும். விஞ்ஞான, கணித ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடம் உண்டா, பிள்ளை எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்து அதைத் தயாரிக்கலாம். கடைசி நேரத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆறாம் ஆண்டிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும் என்று விதிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் பட்டியலை மொழியையோ இனத்தையோ பார்த்துப் போடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, ஒரே துறைக்குத் தமிழில் எழுதியவர் சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காயத்தின் விலையை இந்த நாடு பல பத்தாண்டுகள் கொடுத்தது. பாடசாலையின் வசதியைப் பார்த்துப் பட்டியல் போட்டால், கலவானைக்கு அப்பால் ஆசிரியர் இல்லாத சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் அதில் வருவாள். அவள் வர வேண்டும். அவளுக்கும் சேர்த்துக் கேட்டால்தான் நாம் கேட்பது நியாயம்.

ஒதுக்கீடு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்பிக்காத பாடத்துக்கு எந்த ஒதுக்கீடும் புள்ளி போடாது. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கவென்று பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்ததுபோல், சப்ரகமுவைக்குத் தமிழ் மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் முழுமையாக நடக்கும், விடுதியோடு கூடிய ஒரு பாடசாலை வேண்டும். இரண்டு மாவட்டத்துத் தோட்டங்களிலும் இருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்க வேண்டும். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் 1995இலிருந்து நிற்கிறது. பலாங்கொடைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது பஸ் ஜன்னலில் தெரியும் கட்டடமாகவே இருந்துவிடக் கூடாது.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி எடு. உங்கள் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை ஆசிரியர் இல்லை என்று எழுது. ஆய்வுகூடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்றும் எழுது. வகுப்பில் யார் எத்தனை மைல் நடந்து வருகிறார்கள் என்று கேட்டு எழுது. பெரியம்மா மகனிடமும் சொல், அவனும் எழுதட்டும். மனு எழுதுபவர்களிடம் குமுறல் நிறைய இருக்கிறது, கணக்கு இல்லை. பாடசாலையை அளவாகக் கொள்ளுங்கள் என்று கேட்கப் போகும் நாளில் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

படிப்பை விட்டுவிட்டு இதைச் செய்யாதே. விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தமிழ்க் கைந்நூலை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. விருப்ப வரிசையைப் பிழையாக எழுதி, கிடைத்திருக்க வேண்டிய துறையை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து நிரப்புவோம்.

இதுவரை நம் கணக்கை மற்றவர்களே எழுதினார்கள், அரைப் பேர் போட்டார்கள். இந்தக் கொப்பியை நீ எழுது. ஒரு பிள்ளையும் விடுபடாமல், எல்லோருக்கும் முழுப் பேர் போடு.

அன்புடன்,
மாமா