எதிர்காலத்தைத் தமிழில் எழுதியவர்

பின்னலாடை நகரமாகிய திருப்பூரில், கடல்கடந்த வணிகர் அனுப்பும் ஆடை வடிவம் சில நொடிகளில் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. பூத்தையல் இயந்திரம் கணினியின் கட்டளைப்படியே ஊசியை நகர்த்துகிறது. திரையில் தோன்றும் செய்தியைப் புரிந்துகொண்டவர் இயந்திரத்தை ஆள்கிறார். புரியாதவர், அது நின்றுவிட்டால் பிறர் வரவுக்காகக் காத்திருக்கிறார். அறிவியலுக்கும் எளிய மக்களுக்கும் இடையிலுள்ள இத்தகைய தொலைவைத் தம் எழுத்தால் குறைத்தவர் சுஜாதா.

ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1935ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து திருவரங்கத்தில் வளர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்றார். பெங்களூரு பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முதன்மையான பங்காற்றினார்.

பகலில் இயந்திரங்களோடு பழகிய பொறியாளர், அவற்றின் இயல்பை எழுத்தில் எல்லோருக்கும் உரியதாக்கினார். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ தொடரில் வாசகர்களின் அறிவியல் ஐயங்களுக்கு விடையளித்தார். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ நூலில் நுண்சில்லின் கதையைத் தமிழில் கூறினார். அறிவியலை மக்களிடம் பரப்பிய பணிக்காக 1993ஆம் ஆண்டு நடுவண் அரசின் விருதைப் பெற்றார். இணையம் பரவியபோது ‘அம்பலம்’ என்னும் மின்னிதழுக்கு ஆசிரியரானார்.

1980களில் வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’ புதினம், 21ஆம் நூற்றாண்டின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அந்நாட்டை ஆளும் ஜீவா உண்மையான மனிதரல்லர். ஒளியால் படைக்கப்பட்ட வெறும் உருவம். மக்களோ அவ்வுருவத்தைத் தலைவராக நம்பிப் பணிகின்றனர். அதே கதையில் ஜீனோ என்னும் இயந்திர நாய், நூல்களைப் படித்துச் சிந்தித்து, நிலா என்னும் பெண்ணுக்கு உற்ற துணையாகிறது. ஏமாற்றுவதும் துணைநிற்பதும் இயந்திரத்தின் குணமன்று. அதனைக் கையாள்வோரின் நோக்கமே என்பதை இவ்விரு படைப்புகளும் உணர்த்துகின்றன. செயற்கை நுண்ணறிவு போலி முகங்களையும் குரல்களையும் உருவாக்கும் இக்காலத்தில், அப்புதினம் கற்பனையாக மட்டும் தோன்றவில்லை.

சுஜாதா 2008ஆம் ஆண்டு மறைந்தார். தறியோ கணினியோ, கருவி எதுவாயினும் அதன் இயல்பை அறிந்தவரே அதனை ஆள இயலும். அவ்வறிவு தாய்மொழியில் கிடைக்கும்போதுதான் எதிர்காலம் ஒருசிலர் உடைமையாகாமல் உழைப்போர் அனைவருக்கும் உரியதாகிறது.