போன் ஒன்று, காகிதம் மூன்று

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துப் போன் கடைகளில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணே, புடிக்கலன்னா பதினாலு நாளுல திருப்பிக் குடுத்துரலாம்ல?"

முடியாது. அந்தப் பதினாலு நாள் பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டு விதியில் இருப்பது. அங்கேயும் இணையம், தொலைபேசி என்று கடைக்கு வெளியே வாங்கியதற்குத்தான் அது செல்லும். கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியதற்குச் செல்லாது. நம் நாட்டில், மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பித் தரும் பொதுவான உரிமை கிடையாது. கடைக்காரர் ஒப்புக்கொண்டால் அது அவர் தரும் சலுகை. வாயால் சொன்னதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் முத்திரை விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கெடு. இணையத்தில் வாங்கியது பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தாலும் விற்பவர் திரும்ப எடுத்தாக வேண்டும்.

இவ்வளவும் முதல் காகிதமான பில்லைப் பற்றியது. நம் பகுதியில் அதிகம் அடிபடுவது இரண்டாவது காகிதத்தில்: கடன்.

"போனைக் கடையிலயே குடுத்துட்டேன், இனிமே டியூ வராது" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. போனை விற்றது கடை. பணம் கொடுத்தது ஃபைனான்ஸ் கம்பெனி. கடை போனை வாங்கி வைத்துக்கொண்டாலும், பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து கணக்கு மூடப்படும்வரை டியூ ஓடிக்கொண்டேதான் இருக்கும். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். டியூ தேதிக்குத் தடைக்காலம் தெரியாது. வங்கிக் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதம், அதற்கு மேல் சிபில் மதிப்பெண்ணில் அடி. ஆகவே, போனைக் கொடுத்த கையோடு கடன் முடிந்ததற்கான நோ டியூ சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடனிலிருந்து பின்வாங்க வழியே இல்லை என்பதும் தவறு. டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு மறுயோசனைக் காலம் வைத்திருக்கிறது. கடையில் ஆப் வழியாக, ஓ.டி.பி. சொல்லி வாங்கும் கடன் பெரும்பாலும் இந்த வகைதான். அசலையும் அந்தச் சில நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் வெளியே வரலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் கம்பெனி பிடித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும்; 2025-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி அது ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. எனவே கடன் வாங்கிய அன்று இரவே, கடனோடு கம்பெனி தரும் முக்கியத் தகவல் அறிக்கையைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். கிரெடிட் கார்டில் போடும் இ.எம்.ஐ.க்கு இது பொருந்தாது. மறுயோசனைக் காலம் தாண்டிய பிறகு கடனை முன்கூட்டியே அடைக்க வந்தால், உரிய அபராதத்தைக் கட்டியும் அதை முடிக்க மறுக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது அதே 2019 சட்டம்.

மூன்றாவது, சிம். "போஸ்ட்பெய்டு பிளான் மாத்திட்டா ஆறு மாசம் அசைய முடியாது" என்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி சொல்வது இதற்குத் தலைகீழ். ஆறு மாதம் கட்டுப்பட்டிருப்பது கம்பெனி. நீங்கள் சேர்ந்த பிளானை அதுவரை உங்களுக்குத் தந்தாக வேண்டும். நீங்களோ அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே வேறு பிளானுக்குப் போகலாம். கம்பெனியையே மாற்ற (போர்ட் செய்ய) 90 நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இணைப்பு தொடங்கிய நாளிலிருந்தோ கடைசியாகப் போர்ட் செய்த நாளிலிருந்தோதான். பிளான் மாற்றியதால் புதிதாகத் தொடங்காது. போர்ட் செய்யும் முன் போஸ்ட்பெய்டு பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெளியேறும் நிபந்தனை இருந்தால் அதையும் நிறைவேற்றியிருக்க வேண்டும். போர்ட் கோரிக்கை கொடுத்துவிட்டு மனம் மாறினால், 24 மணி நேரத்துக்குள் 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி ரத்து செய்யலாம்.

"செல்போன் கம்பெனி மேல கேஸ் போட முடியாது" என்பதும் பழைய கதை. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டிவந்த ஒருவருக்கு 2013-இல் 24,609 ரூபாய்க்குப் பில் வந்தது. அவர் அகமதாபாத் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை நடந்தது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ டெல்லியிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் பாருங்கள். தீராவிட்டால் ராயபுரத்துக்காரர் போக வேண்டியது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில், கடன் அறிக்கை, சிம் ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் போங்கள்.