கரப்பானுக்கும் தாகம் எடுக்கும்

"கரப்பான் பாலைவனத்துலயே தண்ணி இல்லாம வாழுற சாதி. சும்மா சாகாது. மலைக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டாந்து அடிச்சாத்தான் ஒழியும்."

இலங்கைத் தேயிலை மலையான பொல்பிட்டியவில் இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! போன மாதம் ஒரு லயத்துக் காம்பராவில் அடித்தே விட்டார்கள், பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்த காம்பராவில். விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இனியும் பொறுமை இல்லை.

பாலைவனத்தில் கரப்பான் உண்டு. ஆனால் அது வேறு இனம். கலிபோர்னியா மணலில் வாழும் அரெனிவாகா என்ற கரப்பான், பகல் வெயிலுக்கு மணலுக்குள் புதைந்துகொள்ளும். அங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால், வாயின் இரண்டு பக்கமும் சின்னப் பைகளை வெளியே தள்ளி, அவற்றின் நுண்மயிர்களில் ஈரத்தைப் பிடித்து உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் இறக்கை இல்லாத பெட்டைக்கும் குஞ்சுக்கும்தான் முடியும், இறக்கை முளைத்த ஆணுக்கு முடியாது. ஆக, பாலைவனத்துக் கரப்பானுக்கும் தண்ணீர் வேண்டும்.

தென்னிந்தியாவின் புதர்க்காடுகளில் கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் பொட்டுடன் ஒன்று இருக்கிறது. அதையும் பாலைவனக் கரப்பான் என்பார்கள். 1758இல் லின்னேயஸ் அதை வண்டு என்றே எண்ணிப் பெயர் வைத்தார். அவ்வளவு அழகு. சருகுக்கு அடியில் கிடக்கும் அது உங்கள் சோற்றுச் சட்டியைத் தேடி வராது.

நம் குசினியில் ஓடும் ஜெர்மன் கரப்பான், சாப்பாடு இருந்தாலும் தண்ணீர் கிடைக்காவிட்டால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் செத்துப்போகும். நடுச்சாமத்தில் எழுந்து தண்ணீர்க் குடத்தின் அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். குடம் கசிந்த ஈர வளையத்தைச் சுற்றி மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

அணுகுண்டுக்கும் சாகாது என்கிறார்கள். கதிர்வீச்சை நம்மைவிட அதிகம் தாங்கும், மாவு வண்டு அதைவிடவும் தாங்கும். தலை போனாலும் பல நாள் உயிரோடு இருக்கும் என்பது உண்மைதான். கரப்பான் என்ற தோல் நோய்க்கும் இந்தப் பூச்சிக்கும் பெயர் மட்டுமே ஒன்று. ஆனால் இதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி ஆஸ்துமாவைக் கிளப்பும்; அதற்குப் பயப்படுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். மலையில் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி புல்லுக்கானது. புல்லைக் கருக்குவதை வீட்டுக்குள் அடித்தால் கரப்பானா சாகும்? பிள்ளைதான் அதைச் சுவாசிக்கும். குடத்தின் அடியைத் துடையுங்கள், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள்.

இவற்றை நாம் செய்யலாம். தகரம் ஒழுகுவதையும், பீலித் தண்ணீர் லயத்துக்குப் பின்னால் தேங்குவதையும் யார் சரிசெய்வது? நாட்டிலேயே மழை கூடுதலாகக் கொட்டும் பக்கம் இது. தேயிலை வேர் அழுகாமல் இருக்க மலை முழுக்கக் கான் வெட்டிய நிர்வாகங்கள், லயத்துக்குப் பின்னால் ஒரு கான் வெட்டட்டும்.