கப்சாய் வீட்டுப் பெண்ணுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மான்செஸ்டர் குளிர், ஆஸ்பத்திரி வேலை, வீட்டு வாடகை எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டாய். மீதி இரண்டு பக்கமும் புதிதாக வாங்கிய மோட்டார்தான். கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறாய்: "மாமா, ஜூனில் மோட்டாரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மேன் தீவுக்கு டிடி பந்தயம் பார்க்கப் போகட்டுமா? அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்."

தாராளமாகப் போ. ஆனால் அம்மாவிடம் நீயே சொல். என் தங்கச்சியிடம் நான் எதையும் மறைத்ததில்லை, இனியும் மறைக்கப்போவதில்லை.

"வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தால் செப்பாங். இங்கே இல்லாத ரேஸா அங்கே இருக்கிறது?" என்று உங்கப்பா கேட்பார். செப்பாங் 1999-இல் பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. அங்கே விழுந்தவன் சரளைக்கல்லில் சறுக்கிப் போய், பெரும்பாலும் எழுந்து நடந்து வருவான். மேன் தீவில் பந்தயம் ஓடுவது ஊர் ரோட்டில். காலையில் பால் வண்டி போன ரோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ரோடு. இரண்டு பக்கமும் கல் சுவர், வீட்டு கேட், விளக்குக் கம்பம். அதை அடைத்துவிட்டு ஓடுகிறார்கள், முடிந்ததும் திறந்துவிடுகிறார்கள். சிலியாவிலிருந்து ரந்தாவ் வழியாகச் சிரம்பான் போகும் ரோட்டை அப்படி அடைத்ததாக நினைத்துப் பார். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட சிரம்பானிலிருந்து கோலாலம்பூர். 2023-இல் பீட்டர் ஹிக்மன் அதை 16 நிமிடம் 36 விநாடியில் சுற்றினார். சராசரி வேகமே மணிக்கு 219 கிலோமீட்டர். நம் ஊர் பஸ் அதற்குள் நீலாய்கூடத் தாண்டாது.

தீவில் ரோட்டுப் பந்தயம் நம் வீட்டுக்கும் புதிதல்ல. சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. சுற்று 4.8 கிலோமீட்டர்தான், அதற்குள்ளேயே ஏழு பேர் உயிர் போனது, நிறுத்திவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் தண்டலாக இருந்த உன் தாத்தா, பெரட்டு முடிந்த ஒரு சனிக்கிழமை தன் கப்சாய் மோட்டாரில் ஜோகூர் பாலம் தாண்டிப் போய், மழையில் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு ஞாயிறு இரவு லயத்துக்குத் திரும்பினார். திங்கட்கிழமை விடியலில் பால் வெட்டுக்கு ஆள் கணக்கு எடுக்க வேண்டும், தண்டல் இல்லாமல் பெரட்டு நடக்காது. ஆகவே, "இந்தப் பைத்தியம் யாரிடமிருந்து வந்தது?" என்று உங்கம்மா கேட்டால் அவள் அப்பாவைக் கைகாட்டு.

அந்தக் கப்சாய்க்கும் மேன் தீவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஹோண்டா சோய்ச்சிரோ 1954-இல், உள்ளூரிலேயே தடுமாறிக்கொண்டிருந்த கம்பெனியை வைத்துக்கொண்டு, மேன் தீவுப் பந்தயத்தில் இறங்கி ஜெயிப்போம் என்று அறிவித்தார். 1958-இல் அந்தக் கம்பெனியின் சூப்பர் கப் மோட்டார் வந்தது. அதே காலத்தில் பினாங்கு லோ பூன் சியூ அந்த வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். இளமையில் பஸ் கழுவிப் பிழைத்த மனிதர் அவர். 1959-இல் ஹோண்டா முதல்முறையாகத் தீவில் இறங்கி, 125 சிசி பந்தயத்தில் 6, 7, 8-ஆம் இடங்களைப் பிடித்து அணிப் பரிசையும் வாங்கியது. 1961-இல் மைக் ஹெயில்வுட் அதே கம்பெனி வண்டியில் 125, 250 இரண்டிலும் ஜெயித்தார். நம் தோட்டத்தில் பால் டின்னைச் சுமந்தது அந்தக் குடும்பத்து வண்டிதான்.

இனி கப்பல் விஷயம். உன் முதல் தப்பு எதுவென்று எனக்குத் தெரியும்: "மே மாதம் டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம்." கிடைக்காது. ஐல் ஆஃப் மேன் ஸ்டீம் பாக்கெட் கம்பெனி 1830-இலிருந்து கப்பல் ஓட்டுகிறது. பந்தய வாரத்துக்கு மோட்டார் இடத்தை ஒரு வருடத்துக்கு முன்பே பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படுக்க இடமும் அப்படித்தான். தீவு மக்களே தங்கள் வீட்டு அறையை விடுவார்கள், அதையும் முதலிலேயே பேசி வை. மோட்டாருக்கு இடம் கிடைக்காவிட்டால் ஆளாக மட்டும் போ. தீவில் பஸ் ஓடுகிறது, டக்ளஸிலிருந்து ராம்சிக்கு 19-ஆம் நூற்றாண்டு மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது. "மோட்டார் இல்லாமல் போய் என்ன பயன்?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. பார்க்கத்தானே போகிறாய்!

"மோட்டாரோடு பினாங்கு ஃபெரியில் எத்தனை தடவை போயிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்பாய். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்குக் கால் மணி நேரம். குளத்தில் ஓடம் போகிற மாதிரி அது. 2023-இல் வந்த புதிய படகுகளில் காரே கிடையாது, மோட்டாரும் ஆட்களும்தான். ஹெய்ஷமிலிருந்து டக்ளஸுக்கு மூன்றே முக்கால் மணி நேரம், ஐரிஷ் கடல். 2019-இல் உன் அத்தானோடு நான் போனபோது கடல் சும்மா இருக்கவில்லை. கப்பல் கிளம்பிவிட்டால் வண்டித் தட்டுக்குத் திரும்ப விடமாட்டார்கள். என் கம்பளிச் சட்டை மோட்டார்ப் பையிலேயே இருந்துவிட்டது, மேல்தளத்தில் வழி முழுக்க நடுங்கினேன். கம்பளி, மாத்திரை, தண்ணீர், காகிதங்கள் நான்கையும் கையோடு எடுத்துக்கொண்டு மேலே போ. மோட்டார் காப்புறுதி தீவிலும் செல்லுமா என்று கிளம்புமுன்பே கேட்டு வை.

இரும்புத் தட்டு ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். மோட்டார் விழுவது கடலில் அல்ல, அந்தச் சரிவில்தான். மெதுவாக ஏறு, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காதே. கை காட்டும் ஆள் சொல்கிற இடத்தில் நிறுத்து, கியரில் விட்டு இறங்கு. திருட்டு அலாரம் இருந்தால் அணைத்துவிடு, இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் கத்தும். கட்டுவதைக் கப்பல்காரர்கள் செய்வார்கள், நீ கூடவே நில். உன் தாத்தா பழைய டியூப்பை வார் வாராக அறுத்துப் பால் டின்னைக் கட்டுவார், டின் உரசும் இடத்தில் ஒரு சாக்குத் துண்டு வைக்காமல் கட்டமாட்டார். நீயும் சீட்டுக்கும் வாருக்கும் நடுவே ஒரு துணி வை. கட்டி முடித்ததும் ஒருமுறை ஆட்டிப் பார். கூச்சப்படாதே, எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

தீவில் இறங்கியதும் உன் இரண்டாவது தப்பு. ஊருக்கு வெளியே பல ரோடுகளில் வேக வரம்பே கிடையாது. "எவ்வளவு வேகமாகவும் போகலாமாமே மாமா!" என்று நீ எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. புக்கிட் புத்துஸ் பழைய ரோட்டில் ஓட்டிய அனுபவம் உனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே உனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். தீவில் அப்படியல்ல. மலையில் ஒரு வளைவு வெயிலில் இருக்கும், அடுத்தது மூடுபனிக்குள் இருக்கும். உனக்குப் பின்னால் வருகிறவன் ஐரோப்பாவின் ஏதோ மூலையிலிருந்து ஒரு வருடம் காசு சேர்த்து வந்தவன், இடதுபக்கம் ஓட்டியே பழகாதவன். பந்தயக் காலத்தில் மலை ரோட்டை ராம்சியிலிருந்து டக்ளஸ் பக்கமாக ஒருவழியாக்கிவிடுவார்கள், அங்கே நடந்த விபத்துகளைக் கண்டுதான். பந்தயம் பார்க்க வந்த இடத்தில் பந்தயக்காரராகி உயிரை விட்டவர்கள் உண்டு. நீ தாதி, உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இடது ஓரமாகப் போ, முந்துகிறவனை முந்தவிடு.

பார்க்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒன்றாகப் புறப்படமாட்டார்கள். பத்து விநாடிக்கு ஒருவராக அனுப்புவார்கள், ஓட்டம் கடிகாரத்தோடு. யார் முன்னால் என்று கண்ணால் தெரியாது. மேங்க்ஸ் ரேடியோவைக் காதில் வை. ரோடு அடைத்துவிட்டால் திறக்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஆகவே சோறும் கழிப்பறையும் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார். க்ரெக் நி பா நல்ல இடம்: மலையிலிருந்து இறங்கி வருவது தூரத்திலேயே தெரியும், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை. பாலா பாலத்தில் வண்டி இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். நான் முதலில் பார்த்தது பிரே ஹில். வீடுகளுக்கு நடுவே இறங்கும் சரிவு. சத்தம் முதலில் நெஞ்சில் இடிக்கும், நீ திரும்புவதற்குள் ஆள் போயிருப்பான். நாங்கள் போன வருடம் மழையும் மூடுபனியுமாகப் பல ஓட்டங்கள் தள்ளிப்போயின. மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாவிட்டால் பந்தயம் கிடையாது. காத்திருக்கத் தெரியாதவள் அங்கே போகவேண்டாம். சிவப்புப் பலகை வைத்த இடத்தில் போய் நிற்கவும் வேண்டாம்.

ஒன்றை மறைக்கமாட்டேன். 1911-இலிருந்து அந்த மலைப் பாதையில் செத்த போட்டியாளர்கள் 260-க்கும் மேல். 1972-இல் தன் நண்பர் பார்லோட்டி அங்கே இறந்ததும் பந்தய வீரர் அகோஸ்தினி இனி வரமாட்டேன் என்று போய்விட்டார். 1976-க்குப் பிறகு உலகச் சாம்பியன் கணக்கிலிருந்தே அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். அகோஸ்தினி செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். தெரிந்தே ஓட வருகிறவர்களைத் தடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யாராவது விழுந்தால் போனைத் தூக்கிப் படம் எடுக்காதே. அந்தப் பிள்ளையின் தாய் எங்கேயோ ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பொம்பளப் பிள்ளை தனியா மோட்டார்ல" என்று நம் சொந்தத்தில் யாராவது ஆரம்பித்தால், பெரில் ஸ்வெய்ன் பேரைச் சொல். 1962-இல் 50 சிசி பந்தயத்தில் தனியாக ஓடிய முதல் பெண் அவர்தான். அடுத்து குறைந்தபட்ச எடை என்று ஒரு விதியைக் கொண்டுவந்து அவர் உரிமத்தைப் பிடுங்கினார்கள். அது அநியாயம்.

டக்ளஸிலிருந்து காசல்டவுன் போகும் வழியில் தேவதைப் பாலம் என்று ஒன்று வரும். அதைத் தாண்டுகிறவர்கள் தேவதைகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், பந்தயக்காரர்களும் கூட. நம் தோட்டத்து முனியாண்டி வளைவில் தாத்தா ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போவது போலத்தான். நீயும் கும்பிட்டுவிட்டுப் போ.

ஹெய்ஷமில் கப்பல் ஏறுமுன் அம்மாவுக்கு ஒரு போன், டக்ளஸில் இறங்கியதும் ஒரு போன். இங்கே நம் நேரம் ஏழு மணி நேரம் முந்தி, அவள் விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அன்புடன்,
மாமா
சிலியாவ்