ஆளுக்கு ஒரு சீட்டு



போன மாதம் எங்கள் பதினோராம் வகுப்பில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கு வர முடியும். எல்லாரும் காசு போட்டு வாங்கிய கேரம் போர்டு ஒன்று எங்கள் வகுப்பில் இருக்கிறது. தனியார்மயம் பாடம் எடுக்க வந்த பொருளியல் சார், நாற்பது துண்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "போர்டுல உங்க பங்கு இதுதான். வெள்ளிக்கிழமை யார்கிட்ட எத்தனை சீட்டு இருக்கோ, அடுத்த வாரம் அவங்க பேச்சு அந்த அளவுக்குச் செல்லும். நடுவுல விக்கலாம், வாங்கலாம். நான் தலையிட மாட்டேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வெல்லில் எனக்குப் பசி. சீட்டை ஒரு சமோசாவுக்குக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணினால் ஒரே ஒருத்தனிடம் 23 சீட்டு! அவன் கெட்டவன் இல்லை. பையில் எப்போதும் சில்லறை இருக்கும், அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுக்க யார் ஆடலாம் என்று அவன்தான் சொன்னான். எனக்கு முறை வரவே இல்லை.

"ரஷ்யாவுல நடந்ததும் இதுதாண்டா" என்றார் சார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாருக்கும் சமமாகத்தானே கொடுத்தார்கள், அப்புறம் எப்படி என்று தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

சோவியத் யூனியனில் தொழிற்சாலை, சுரங்கம் மட்டுமல்ல, ரொட்டிக் கடை, முடி திருத்தும் கடைகூட அரசுடையதுதான். 1988-இல் கூட்டுறவுச் சட்டம் வந்த பிறகுதான் சின்னச் சின்ன ஓட்டல், பட்டறை என்று தனியார் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்கள். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போயிற்று. ரஷ்யாவில் எல்ட்சின் ஆட்சி. அவருடைய பொருளாதாரப் பொறுப்பை ஏற்ற எகோர் கைதார் 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. 100 ரூபிளுக்கு வாங்கியது 2,600 ரூபிள்! சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் கண்ணெதிரே கரைந்து போயிற்று. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எனக்கு ஒரு இன்டர்வெல் பசிதான். அவர்களுக்கு வருடக்கணக்கில் பசி.

அதே ஜனவரி 29-இல் இன்னொரு ஆணை வந்தது. யாரும் எங்கேயும் எதையும் விற்கலாம், தனி அனுமதி வேண்டாம் என்று. மறுநாளிலிருந்து மாஸ்கோத் தெருக்களில் மக்கள் வரிசையாக நின்று விற்க ஆரம்பித்தார்கள். பாட்டி பின்னிய கையுறை, ஒரு ஜோடி செருப்பு, இரண்டு டின் மீன், இப்படி. அப்புறம் கியோஸ்க் எனப்படும் பெட்டிக்கடைகள் மூலைக்கு மூலை முளைத்தன. ஆசிரியர்கள், பொறியாளர்கள்கூடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு துருக்கிக்கும் சீனாவுக்கும் போய்த் துணி வாங்கி வந்து விற்றார்கள். இவர்களுக்கு 'செல்னோக்' என்று பெயர். தறியில் அங்குமிங்கும் ஓடுகிற நாடாவுக்கு ரஷ்ய மொழியில் அந்தச் சொல்தான்! கடை வைத்தவர்கள் ரவுடிக் கும்பலுக்கு மாமூல் கட்ட வேண்டும். அதற்கு 'க்ரிஷா', அதாவது கூரை என்று பெயர். நீதிமன்றமும் போலீசும் காப்பாற்றாத இடத்தில் கூரையும் வாடகைக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

நிஷ்னி நோவ்கரத் நகரில் 1992 ஏப்ரல் 4-இல் அரசுக் கடைகளை எல்லார் முன்னிலையிலும் ஏலம் விட்டார்கள். கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் நடந்தது. கடைகளை இப்படி விற்றுவிடலாம். ஆயிரக்கணக்கான பெரிய ஆலைகளை யார் வாங்குவது? மக்கள் கையில் காசு ஏது?

இங்கேதான் வவுச்சர் வருகிறது. அரசுச் சொத்து நிர்வாகக் குழுவின் தலைவர் அனத்தோலி சுபைஸ். விற்பதற்கு நேரமில்லை, தாமதித்தால் ஆலை இயக்குநர்களே சுருட்டிவிடுவார்கள் என்பது அவர் வாதம். (ஏற்கனவே சுருட்டத் தொடங்கியிருந்தார்கள் என்பதும் உண்மை.) அதனால் 1992 அக்டோபர் 1 முதல் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு ஒரு வவுச்சர். வாங்கக் கட்டணம் வெறும் 25 ரூபிள். முகமதிப்பு 10,000 ரூபிள். மக்கள்தொகை சுமார் 14.8 கோடி. பெருக்கிப் பாருங்கள், 1,48,000 கோடி ரூபிள் வரும். மக்களுக்குப் பங்கிட ஒதுக்கிய சொத்தின் கணக்கு மதிப்பைத் தலைக்கு வகுத்ததில் வந்த எண் ஏறக்குறைய அதுதான். ஒரு வவுச்சர் ஒருநாள் இரண்டு வோல்கா கார் விலைக்குச் சமமாகும் என்று சுபைஸ் சொன்னார். அந்தப் பேச்சை ரஷ்யர்கள் மறக்கவே இல்லை.

வவுச்சரை வைத்து மூன்று காரியம் செய்யலாம். ஏலத்தில் ஏதாவது ஆலையின் பங்கு வாங்கலாம். முதலீட்டு நிதியில் போடலாம். இல்லாவிட்டால் விற்றுவிடலாம். முதல் ஏலம் 1992 டிசம்பரில் மாஸ்கோவின் 'போல்ஷெவிக்' பிஸ்கட் ஆலைக்கு. பெயரைப் பாருங்கள்! ஆனால் எந்த ஆலை லாபம், எது நஷ்டம் என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்? பங்கு என்றால் என்ன என்பதே எழுபது வருடமாகக் கேள்விப்படாத விஷயம். நிதிகளில் போட்டவர்கள் கதை இன்னும் மோசம். அறுநூறுக்கு அருகில் நிதிகள் தோன்றின. பல சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோயின. மீதிப் பேர் விற்றார்கள். வவுச்சரின் சந்தை விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே கிடந்த மாதங்கள் உண்டு. ஓட்கா பாட்டிலுக்கு மாற்றியவர்களும் உண்டு. முட்டாள்கள் என்று முன்பு சிரித்திருப்பேன். இப்போது எனக்குச் சமோசா ஞாபகம் வருகிறது.

சரி, ஆலைத் தொழிலாளிகள்? அவர்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. சுமார் முக்கால்வாசி ஆலைகள் தேர்ந்தெடுத்த இரண்டாவது திட்டப்படி, ஊழியர்களே 51 சதவீதப் பங்கை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் தொழிலாளியே முதலாளி! நடைமுறையில் இயக்குநர்தான் ராஜா. சம்பளம் மாதக்கணக்கில் வராது. அப்போது இயக்குநரின் ஆட்களே வந்து பங்கை விலைக்குக் கேட்பார்கள். விற்காமல் என்ன செய்வது? அதைவிட வேடிக்கை, யாரிடம் எத்தனை பங்கு என்று எழுதிய பதிவேடு பல இடங்களில் ஆலையின் கைக்குள்ளேயே இருந்தது. 1994-இல் கிரஸ்நோயார்ஸ்க் அலுமினிய ஆலையில் ஒரு வெளிநாட்டு நிறுவனக் குழுமத்தின் பங்கை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பகுதியை, பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். பணக்கார நிறுவனத்துக்கே இந்த கதி என்றால் மற்றவர்களை யோசியுங்கள்.

வவுச்சர் காலம் 1994 ஜூன் 30-இல் முடிந்தது. சுமார் 15,000 ஆலைகள் கைமாறியிருந்தன. வேகத்தில் உலக சாதனைதான், மறுக்க முடியாது. ஆனால் எண்ணெய், நிக்கல் போன்ற பெருஞ்சொத்தில் பெரும்பங்கு இன்னும் அரசிடம் இருந்தது. 1995-இல் அரசிடம் பணமில்லை. அடுத்த வருடம் தேர்தல். வங்கிகளிடம் கடன் வாங்கி, அதற்கு அடகாகப் பங்குகளை வைத்தார்கள். திருப்பித் தராவிட்டால் பங்கை விற்க வங்கிக்கு உரிமை. அரசு திருப்பித் தரவில்லை. யாருக்கு அடகு என்பதை ஏலம் போட்டு முடிவு செய்தார்கள். அந்த ஏலத்தைப் பாருங்கள்: 1995 நவம்பர் 17, நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதப் பங்கு. ஏலத்தை நடத்தியது விளாடிமிர் பொத்தானினின் ஒனெக்சிம் வங்கி. ஜெயித்ததும் அந்தப் பக்கம்தான்! தொகை 17.01 கோடி டாலர், ஆரம்ப விலையைவிடக் கொஞ்சமே கூட. 35.5 கோடி டாலர் கேட்ட போட்டியாளரை உத்தரவாதம் போதவில்லை என்று தள்ளிவிட்டார்கள். எங்கள் வகுப்பில் 23 சீட்டுக்காரன்கூட இப்படிச் செய்யவில்லை. அவன் எல்லாருக்கும் சமோசா விலையாவது ஒழுங்காகக் கொடுத்தான்.

போலந்து வேறு வழியில் போனது. அங்கே பெரிய ஆலைகளை மக்களுக்குப் பங்கிடும் திட்டம் 1995 வரை தள்ளிப்போனது. அதற்குள் புதுசு புதுசாகச் சிறு கடைகளும் பட்டறைகளும் லட்சக்கணக்கில் வளர்ந்துவிட்டன. பழைய ஆலை யாருக்கு என்ற சண்டையைவிட, புதுக் கடை திறக்கிறவனை நிம்மதியாக இருக்க விடுவது முக்கியமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாரிடம் கேட்டேன். "பரிட்சையில அப்படி ஒரே வரியில எழுதிடாதே" என்றார்.

சீட்டு விளையாட்டு முடிந்ததும் சார் எல்லாச் சீட்டையும் வாங்கிக் கிழித்துப் போட்டார். போர்டு மறுபடி எல்லாருக்கும் பொது. ரஷ்யாவில் அடகு ஏலத்தில் யுகோஸ் எண்ணெய் நிறுவனத்தைப் பிடித்த மிகயீல் கோதர்கோவ்ஸ்கியை 2003 அக்டோபரில் கைது செய்தார்கள். 2004 டிசம்பரில் யுகோஸின் முக்கியக் கிளையை வரி பாக்கிக்காக ஏலம் விட்டபோது, அது சில நாட்களிலேயே ரோஸ்நெஃப்ட் என்ற அரசு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 1992-இல் வரிசையில் நின்று வவுச்சர் வாங்கியவர்களுக்கு அதில் ஒரு ரூபிள்கூட வரவில்லை.