சூடு செற்றியில் இல்லை

செற்றிக்குத் துணி தெரிய வருகிறவர்கள் இப்போது ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். “அண்ணை, நேவி புளூ வடிவாத்தான் கிடக்கு. ஆனா அந்த நிறம் சூட்டை இழுக்குமாம், ஹோல் வெக்கையில அவிஞ்சு போகுமாம். உண்மையோ?” மன்னார்ப் பக்கம் அடம்பனிலும் இதே கேள்வி, விடத்தல்தீவிலும் இதே கேள்வி. பாப்பாமோட்டையில் ஒரு வீட்டார் கேட்பதோடு நிற்கவில்லை. புதிதாகச் செய்த கருநீலச் செற்றியைத் தூக்கி விறாந்தையில் போட்டுவிட்டு, ஹோலில் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய விறாந்தை மேற்குப் பார்த்தது. உள்ளே நிழலில் கிடந்த துணி இப்போது நாள்தோறும் மாலை வெயிலில் காய்கிறது. அடுத்த வருசம் சாயம் போனதென்று என்னிடம்தான் வருவார்கள்.

கருமையான நிறம் சூட்டை இழுக்கும் என்ற பேச்சு அந்தரத்தில் பிறந்ததல்ல. வெயிலில் அது உண்மை. பெஞ்சமின் பிராங்ளின் 1761இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். தையற்காரரின் மாதிரித் துணித் துண்டுகளைக் கறுப்பு, கருநீலம் என்று தொடங்கி வெள்ளை வரை பனியின்மேல் பரப்பி, வெயிலில் விட்டார். கறுப்புத் துண்டு சூடேறிப் பனியை உருக்கி ஆழமாக இறங்கியது. கருநீலமும் அதற்குச் சற்றுத்தான் பின்நின்றது. வெள்ளை மேலேயே கிடந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் நம்முடைய ஆட்கள் இந்தப் பரிசோதனையில் பாதியைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். “வெயிலில்” என்ற மற்றப் பாதியை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குள்ளே செற்றிமேல் வெயில் விழுகிறதா? விழவில்லையென்றால் விசயம் அங்கேயே முடிந்தது. நிழலில் கிடக்கும் பொருள் தானாகச் சூட்டை உண்டாக்காது. ஹோலில் உள்ள மேசை, சுவர், செற்றி எல்லாம் அறைக்காற்றின் வெப்பநிலைக்கே வந்து நிற்கும். நம்பாதவர் ஒரு வெள்ளைத் தலையணை உறையையும் ஒரு கருநீல உறையையும், இரண்டும் ஒரே பருத்தித் துணியாக, இரவு முழுக்க ஹோலில் போட்டு வைக்கட்டும். காலையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து எது எதுவென்று சொல்லட்டும். மத்தியானமும் தொட்டுப் பார்க்கட்டும்.

“ஆனா கூரையிலிருந்து வெக்கை இறங்குதே, அதைக் கருநீலம் கூட இழுக்காதோ?” என்று கேட்கும் கெட்டிக்காரரும் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். கூரைச் சீற்றிலிருந்து இறங்கும் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத கதிர். நிறம் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு மட்டும் சம்பந்தப்பட்டது. அறைவெப்பத்தில் பொருட்கள் விடும் அந்த அகச்சிவப்புக் கதிருக்கு வெள்ளைத் துணியும் ஒன்றுதான், கருநீலத் துணியும் ஒன்றுதான். இரண்டுமே வந்து விழுவதில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சும், அப்படியே திருப்பியும் விடும். வெள்ளைச் செற்றி வாங்கிக் கூரைச் சூட்டிலிருந்து தப்பியவர் யாருமில்லை.

இன்னும் ஒன்று. யன்னலால் உள்ளே வந்துவிட்ட ஒளியில் பெரும்பகுதி, செற்றி எந்த நிறமானாலும், கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாகும். கருநீலம் முதலாவது அடியிலேயே விழுங்கும். வெள்ளையில் பட்ட ஒளி சுவருக்குத் தாவி, சுவரிலிருந்து தரைக்குத் தாவி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப்படும். வந்த வழியே வெளியே போவது சிறு பங்குதான். ஆகவே தடுக்கவேண்டிய இடம் யன்னல். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெயிலில் நிற்கும் மனிதனுக்குக்கூட இந்த நிறக் கணக்கு நாம் நினைப்பதுபோல நேராகப் போவதில்லை. பாலைவனத்து பெடூயின்கள் ஏன் கறுப்பு அங்கி உடுத்துகிறார்கள் என்று சில ஆய்வாளர்கள் பார்த்து, 1980இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். ஒரு தொண்டரை நெகேவ் பாலைவனத்தில் உச்சி வெயிலில் கறுப்பு அங்கியோடும் வெள்ளை அங்கியோடும் மாறி மாறி நிறுத்தி அளந்தார்கள். கறுப்பு அங்கி கூடுதலாகச் சூடேறியது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்துசேருமுன்பே காற்றோடு போய்விட்டது. உடம்புக்குக் கிடைத்த வெப்பம் இரண்டிலும் ஒன்றே. துணி தளர்வாக இருந்ததும் உள்ளே காற்று ஓடியதும் செய்த வேலை அது.

இங்கேதான் என்னுடைய தொழில் வருகிறது. கருநீலச் செற்றியில் இருந்தால் முதுகு அவிகிறது என்று சத்தியம் செய்கிறவர்களின் வீட்டுக்குப் போய்த் தட்டிப் பார்த்தால், அநேகமாக அது றெக்சின். றெக்சினுக்குள் காற்றும் போகாது, வியர்வையும் போகாது. நம்முடைய தோலின் வெப்பம் ஏறக்குறைய 33, 34 பாகை. சித்திரையில் மத்தியான ஹோல் காற்றும் அந்த அளவுக்கு வந்து நிற்கும். அப்போது உடம்பு சூட்டை இறக்குவதற்கு இருக்கிற ஒரே வழி வியர்வை ஆவியாவது. அந்த வழியை றெக்சின் அடைக்கிறது, கீழே உள்ள ஸ்பொஞ்ச் மிச்சச் சூட்டையும் பிடித்து வைக்கிறது. வெள்ளை றெக்சினில் குந்திப் பாருங்கள், அதுவும் முதுகில் ஒட்டும். தெரிவைப் பிழையாகச் செய்தது துணி வகையில், பழி விழுந்தது நிறத்தில். கருநீலப் பருத்தியோ லினன் கலந்த கைத்தறியோ போட்டுக் கொடுத்த வீடுகளிலிருந்து இந்த முறைப்பாடு எனக்கு வருவதில்லை.

பொலித்தீன் உறையைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய துணியில் ஒருநாளும் குந்தாமல் பொலித்தீனில் குந்தி வியர்த்துக்கொண்டு, நிறத்தைக் குறை சொல்கிறார்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

நீலம் சனியின் நிறம், வீட்டுக்கு ஆகாதாம். நீலகண்டனின் பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம் இருக்கிற வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். மாதாவின் மேலாடையை நீலத்தில் தீட்டிய படம் தொங்கும் வீடுகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன்.

கருநீலத்தில் ஊத்தை தெரியாதாம். தேநீர் கொட்டினால் தெரியாது, உண்மை. ஆனால் இந்தக் கரையின் ஊத்தை வெளிறியது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் மணலும் உப்பும் சேர்ந்து வெள்ளைப் பூச்சாகப் படியும். கருநீலத்தில் அது பளிச்சென்று தெரியும். தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய் பட்ட இடம் இன்னும் கறுத்துத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தரம் பிறஷ் பிடிக்க ஏலாதவர் இந்த நிறத்தை விட்டுவிடலாம். தலை சாயும் இடத்துக்குக் கழற்றித் தோய்க்கக்கூடிய ஒரு துணி போடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் என்பதையும் மறக்கவேண்டாம். அதனால்தான் இங்கே மலிவான பின்கள் அடித்த செற்றிகளில் ஓரங்களில் கறள் பொட்டு விழுகிறது. செய்விக்கும்போதே நாகம் பூசிய பின்களைக் கேளுங்கள்.

சின்ன ஹோலில் கருநீலம் போட்டால் இருட்டாகுமாம், ஹோல் இன்னும் சின்னதாகத் தெரியுமாம். இதில் மட்டும் ஒரு கைப்பிடி உண்மை இருப்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எழும்பிய வீடுகள் பெரியவை அல்ல. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 550,000 ரூபா, வீட்டின் அளவு ஏறக்குறைய 550 சதுர அடி. அதில் ஹோலுக்கு என்ன மிஞ்சும்? பத்துக்குப் பன்னிரண்டு என்று வைப்போம். பத்தடி உயரச் சுவர் நான்கும் சேர்ந்து 440 சதுர அடி, தரையும் மேற்பக்கமும் 240. மூன்று பேர் இருக்கும் செற்றியில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு 50, 60 சதுர அடி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது மற்ற ஒன்பது பங்கு. இருட்டான ஹோல்களில் நான் கண்டதெல்லாம் மரூன் திரைச்சீலையும், யன்னலை மறைத்து நிற்கும் அலுமாரியும், கருஞ்சிவப்புச் சீமெந்துத் தரையும்தான். இடத்தைச் சின்னதாக்குவது செற்றியின் நிறமல்ல, 3+1+1 செற் முழுவதையும் வாங்கி அடைக்கிற ஆசை. மூன்று பேருக்கான ஒன்று போதும். மிச்சத்துக்குப் பிரம்புக் கதிரை இரண்டு போடுங்கள், கீழே தரை தெரியட்டும்.

சுவர் தூய வெள்ளையாகத்தான் இருக்கவேண்டுமாம். வேண்டாம். இங்கே வெளிச்சம் ஏற்கனவே கண்ணைக் கூசுகிறது. சுண்ணாம்பில் துளி மஞ்சட்காவி கலந்த பால்நிறம் கருநீலத்துக்கு வெள்ளையைவிட நல்ல சோடி. கறுப்பு மேசை, கறுப்பு ரீவீ ஸ்ராண்ட் ஆகியவற்றைச் செற்றிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம். பாரிஸில் கோபெலன் நெசவாலையில் சாயப் பகுதியைப் பார்த்த செவ்ரூல் என்ற இரசாயனவியலாளரிடம், கறுப்பு நூல் சோபையில்லாமல் தெரிகிறது என்று முறையிட்டார்கள். அவர் ஆராய்ந்து, சாயத்தில் பிழையில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததுதான் பிழை என்றார். 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அதே கணக்கில் நீலத்துக்கு எதிரே நிற்கும் நிறங்கள், அதாவது செம்மஞ்சள், செங்கல், மஞ்சள் போன்றவை, நீலத்தைத் தூக்கிக் காட்டும். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுத்த சாயவேர் கொடுத்த சிவப்பு அந்த இனம். அந்த நிறத்தில் இரண்டு குஷன் போதும், ஆறு வேண்டாம். காய்ந்த பனையோலையின் நிறம் எல்லாவற்றையும்விடப் பொருந்தும், அதற்குப் பெயின்ற் கடைக்குப் போகவேண்டியதில்லை. ஒரு பாய் விரித்தால் வந்துவிடும். முதிரை மரத்தின் மஞ்சள் இருக்கிற வீடானால் வேறொன்றும் தேவையில்லை.

வெப்ப நாட்டுக்கு ஆழமான நிறம் ஆகாது என்பவர்கள் கொழும்பு வரையாவது பார்க்கட்டும். பேர்பரா சன்சோனி பெயார்புட் கைத்தறியில் அழுத்தமான நீலங்களையும் சிவப்புகளையும் கூச்சமில்லாமல் அருகருகே நெய்வித்தார். ஜெஃப்ரி பாவா தன் கட்டடங்களுக்கு அவருடைய துணிகளை எடுத்தார். பாவாவின் வீடுகள் குளிர்ந்திருப்பது நீண்ட இறவாரத்தாலும் முற்றத்தாலும், துணி வெளிறியிருப்பதால் அல்ல.

கருநீலத்துக்கு உண்மையான எதிரி ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வெயிலில் சாயம் வெளுப்பது. துணிகளின் சாயம் ஒளிக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை எங்கள் தொழிலில் 1 முதல் 8 வரை அளப்பார்கள். ஒப்பிடுவதற்கு வைத்திருப்பது எட்டு நீலக் கம்பளித் துண்டுகள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் நிற்கும். செற்றித் துணிக்கு 5க்குக் குறையக்கூடாது. நல்ல மாதிரிப் புத்தகங்களில் இந்த எண் அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் ஒரு துண்டு வெட்டி வாங்கி, பாதியை மட்டையால் மூடி ஒரு மாதம் மேற்கு யன்னலில் ஒட்டிவையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். பதினைந்து வருசம் இருக்கவேண்டிய பொருளுக்கு ஒரு மாதம் பொறுக்க ஏலாதா?

இப்போது யன்னலுக்கு வருகிறேன். கரையோரம் போகும் ஏ-32 வீதியின் கிழக்குப் பக்கத்து வீடுகள் வீதியைப் பார்த்து வாசல் வைத்தவை, ஆகவே கடலையும் மாலைச் சூரியனையும் பார்த்தவை. நாலடிக்கு நாலடி யன்னல் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீற்றர். சித்திரையில் மாலை நான்கு மணிக்கு மேற்கு யன்னலில் சதுர மீற்றருக்கு 500 வாட் வெயிலாவது விழும். ஒரு யன்னலுக்கு 750 வாட். சும்மா இருக்கும் ஒரு மனிதன் விடும் வெப்பம் 100 வாட் அளவு. ஏழு பேர் புதிதாக வந்து அந்தச் சின்ன ஹோலில் குந்தியது போலத்தான். இதைவிட்டுச் செற்றியின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறோம். தலைக்கு மேலே சீலிங் இல்லாத சீற்று வேறு கொதிக்கிறது. சீற்றுக்குக் கீழே ஒரு தட்டு அடித்து, இரண்டுக்கும் இடையில் காற்று ஓட வழிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

உள்ளே தொங்கும் திரைச்சீலை பெரிதாக உதவாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை அது உள்ளேயே வெப்பமாக்கும். தடுப்பு வெளியே நிற்கவேண்டும். பனையோலைத் தட்டி. யன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி, மேலே கம்பில் கட்டி, வேண்டும்போது தூக்கிக் கட்டக்கூடியதாக. வெயில் அதில் பட்டு அங்கேயே நின்றுவிடும், ஓலை இடுக்கால் காற்று மட்டும் வரும், செற்றியின் சாயமும் பிழைக்கும். தவணைக்குச் செற்றி வாங்கும்போது வாயே திறக்காதவர்கள், தட்டி பின்னும் பெண்களிடம் மட்டும் இருபது ரூபாவுக்குப் பேரம் பேசுவதைக் காணும்போது எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிளாஸ்ரிக் சுருள்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு, இந்த வெயிலில் அது நெடுநாள் தாங்காமல் நொறுங்கிக் கொட்டும். பனை நிறைந்த மாவட்டம் இது. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. மாசி கடைசிக்குள் அளவு சொல்லிவிட்டால் சித்திரை பிறக்குமுன் கட்டித் தருவார்கள். அளவெடுக்கும்போது யன்னலைவிட இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கூட்டிச் சொல்லுங்கள், சரிந்த வெயில் பக்கத்தாலும் வரும்.